பிடித்ததைக் கொடுக்கும் நாள் பற்றி அக்காவுக்கு

பெருமதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தம்பி மனைவியும் எங்கள் பெண் வாலுவும் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்காலும், அத்தானின் செரிமானமும், நீங்கள் தலைவியாக இருந்து நடத்தும் மாதர் அறக்குழுவும் அதேபோல் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதிய மை காய்வதற்குள் சங்கடத்தை ஆரம்பிப்பது மரியாதை இல்லை என்பதால், இங்கே மழை நன்றாகப் பெய்தது, ஸ்டுடியோ கூரை ஒழுகவில்லை, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சுகம் இத்துடன் முடிந்தது.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிக்கா" என்பேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நம் இருவருக்கும் நடந்த பேச்சுவார்த்தை இதுதான். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அந்தத் தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். மேலும், உங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்த பேனரில் நான் நல்ல கறுப்பாகவும், வாலு வெள்ளைவெளேர் என்றும், என் மனைவி மட்டும் உள்ளது உள்ளபடியும் நிற்பதைப் பார்த்துவிட்டு "டேய், யாருடா இந்தக் குடும்பம்?" என்று நீங்கள் கேட்டதற்கு நான் "சரிக்கா" என்று பதில் சொன்னேன். அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது போனை வைத்த பிறகு எனக்கே உறைத்தது. உண்மையான பதில் கொஞ்சம் நீளம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

வழக்கம்போல இந்தக் கடிதத்தை உங்கள் குழுவில் வாசித்துக் காட்டுவீர்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் புதிதாகக் கேட்பவர்களுக்காக எழுதிவிடுகிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லாமல் இருந்து, உங்கள் ஊர்க் குழந்தைகள் இல்லத்தில் கைக்குழந்தையாக இருந்த வாலுவை எங்களிடம் கொடுத்தார்கள். அவள் வேறு இனத்துப் பிள்ளை. நல்ல கறுப்பு, சீப்பு உள்ளே போனால் திரும்பி வராத சுருட்டை முடி. நாங்கள் இரண்டு பேரும் தேநீரில் பால் கூடிப்போன நிறம். அவள் வீட்டுக்கு வந்த நாளை ஒவ்வொரு வருடமும் அந்த இல்லத்துக்குப் போய் ஏதாவது கொடுத்துக் கொண்டாட வேண்டும் என்று சொன்னது நீங்கள். கொடுக்கிற பழக்கம் குடும்பத்தோடு சேர்ந்து வர வேண்டும், குழந்தையின் கண் முன்னாலேயே நடக்க வேண்டும் என்றீர்கள். நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டியதில்லை. அந்த நாளையே உங்கள் குழுவின் கொடை விழாவாகவும் ஆக்கிவிட்டீர்கள். மேடை வந்தது, மைக் வந்தது, இப்போது பேனரும் வந்துவிட்டது.

போன வருட விழாவில் வந்து குவிந்த பொருள்களை நினைத்துப் பாருங்கள். மூன்று கால் பொம்மைக் குதிரை. பொத்தான் இல்லாத கால்குலேட்டர். ஒற்றைச் செருப்பு. ஒருவர் தன் கல்யாண ஆல்பத்தையே கொடுத்திருந்தார், அவர் வீட்டில் என்ன நடந்ததோ. அதைப் பார்த்து நீங்கள் கொதித்துப்போய், இந்த வருடம் புதிய விதி போட்டீர்கள்: ஒவ்வொரு குடும்பமும் தனக்கு மிகவும் பிடித்த பொருளைத்தான் கொண்டுவர வேண்டும். நல்ல விதி அக்கா. நான் அதில் குறை சொல்லவே இல்லை. அந்த விதியை வாலுவுக்கும் விளக்கிவிட வேண்டும் என்று வீடியோ போன் போட்டீர்களே, அங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

அன்று நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "கண்ணு, வேண்டாததைத் தூக்கிக் குடுக்கறதுக்குப் பேரு குப்பை கொட்டறது. மனசுக்கு எது ரொம்பப் பிடிக்குதோ அதை எடுத்துக் குடுக்கணும். குடுக்கறப்ப உள்ளுக்குள்ள வலிக்கணும்."

"எல்லாரும் குடுக்கணுமா அத்தை?"

"எல்லாரும்தான்."

"அப்பா அம்மாவும்?"

"அவங்கதான் முதல்ல."

பிறகு போனை வைக்கும்போது வழக்கமாகச் சொல்வதையும் சொன்னீர்கள். "சரிடா தங்கம், வெக்கட்டுமா. உங்கப்பா அம்மாவுக்கு உன்னைவிடப் பிடிச்சது இந்த உலகத்துல எதுவும் கிடையாது, தெரியும்ல?" வாலு தெரியும் என்று தலையாட்டினாள். நானும் பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆரம்பித்தது. ஒரு அலுவலகத்திலிருந்து ஊழியர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டைப் படம் எடுக்கும் வேலை எனக்கு வந்திருந்தது. படம் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு, வெட்டி, மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லோருக்கும் மீசை. ஏற்கனவே மீசை வைத்திருந்தவர்களுக்குக் கண்ணாடி. அந்த அலுவலக மேலாளர் ஒரு அம்மாள். அவருக்கு வரைந்திருந்த மீசைதான் இருப்பதிலேயே அடர்த்தி. அதைத் திரும்பப் பிரிண்ட் போட்டு முடிப்பதற்குள், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு "நல்லா வந்திருக்கா பாப்பா?" என்று ஆசையாக இவளைக் கேட்க, இவள் "படம் நல்லாத்தான் இருக்கு அங்கிள். மூஞ்சிதான்" என்று சொல்லிவிட்டாள். அவர் காசைக் கொடுத்துவிட்டு, படத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். வீட்டில் என் வெள்ளைச் சட்டையோடு தன் சேற்று ஷூவைத் துணி துவைக்கும் மிஷினில் போட்டாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஆசையாகத் தைத்துக் கொடுத்த கவுனை அவர் எதிரிலேயே போட்டுப் பார்த்து "சாக்கு மாதிரி குத்துது" என்றாள். குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். வீடு மிதந்தது.

இதில் விசித்திரம் என்னவென்றால் அக்கா, எதைச் செய்தாலும் அவள் ஓடி ஒளிவதில்லை. நேராக வந்து எங்கள் முன்னால் நின்று முகத்தையே பார்ப்பாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு எப்போது பொங்கும் என்று பார்ப்பது போல. திட்டினால் அழுவதில்லை. திட்டாமல் விட்டால்தான் முகம் வாடிப்போகும். ஒரு நாள் என் மனைவி பொறுமையாக அவள் தலையைத் தடவி "பரவாயில்லடா, குழந்தைங்கன்னா அப்படித்தான்" என்றாள். அன்று சாயங்காலமே எங்கள் டிவி ரிமோட் மீன் தொட்டிக்குள் கிடந்தது.

"இது குறும்பு இல்லீங்க" என்றாள் உங்கள் தம்பி மனைவி. "இவ எதையோ சோதிச்சுப் பாக்கறா."

பள்ளிக்கூடத்தில் என்ன ரகளை செய்கிறாளோ என்று பயந்து வகுப்பாசிரியையைப் போய்ப் பார்த்தோம். அவர் "உங்க பொண்ணு மாதிரி ஒரு பொண்ணு என் வகுப்புல கிடையாது" என்றார். நாங்கள் மன்னிப்புக் கேட்கத் தயாராக வாயைத் திறந்தோம். "தங்கம்" என்று முடித்தார். வேறு பிள்ளையைச் சொல்கிறாரோ என்று நான் அடையாளம் எல்லாம் சொல்லிச் சரிபார்த்தேன். இவளேதான். ரகளை எல்லாம் எங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

பிறகு எங்கள் இருவருக்கும் நிறத்தின் மேல் சந்தேகம் வந்தது. வெளியில் யாராவது ஏதாவது சொல்லி, அது மனதில் கிடந்து உறுத்துகிறதோ என்று. சொல்பவர்களுக்கா பஞ்சம்? போன மாதம்கூடப் பூங்காவில் ஒரு அம்மாள், வாலுவையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "குழந்தை அப்படியே அப்பா ஜாடை போலிருக்கு" என்றார். என் மனைவியும் விளக்கம் சொல்லி அலுத்துப்போய் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து நான் மூன்று ஐஸ்கிரீமைக் கையில் பிடித்துக்கொண்டு, வழிய வழிய ஓடி வந்து "இந்தாம்மா, அப்பா வாங்கிட்டு வந்துட்டேன்" என்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார் பாருங்கள், அப்படி ஒரு இரக்கத்தை நான் யார் கண்ணிலும் பார்த்ததில்லை. எழுந்து போகும்போது என் தோளைத் தட்டி "நீங்க ரொம்ப நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் நன்றி சொன்னேன். அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது வீட்டுக்கு வந்து கைகழுவும்போதுதான். உங்கள் தம்பி மனைவி அதற்குள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனவே நான் வாலுவை உட்கார வைத்து, புகைப்படக்காரன் என்ற முறையில் நிறத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். எல்லாம் வெளிச்சம்தான், ஒரு தோல் வெளிச்சத்தைக் கொஞ்சம் அதிகம் வாங்கிக்கொள்ளும், இன்னொன்று கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், இதில் உயர்வு தாழ்வு ஒன்றும் இல்லை என்று விளக்கிக்கொண்டே போனேன். அவள் கொட்டாவி விட்டாள். "அப்பா, என் நிறம் எனக்குத் தெரியும். ஏன் போட்டோ எடுக்கறப்ப மட்டும் உங்களுக்குத் தெரிய மாட்டேங்குது?" என்று கேட்டாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். ஏனென்றால் அது உண்மை. எங்கள் மூவரையும் ஒரே படத்தில் எடுப்பது போல ஒரு சோதனை என் தொழிலில் இல்லை. எங்களுக்குத் தகுந்த மாதிரி விளக்கு வைத்தால் அவள் முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரியும். அவளுக்குத் தகுந்த மாதிரி வைத்தால் நாங்கள் இரண்டு பேரும் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடுவோம். நான் எப்போதும் எங்களுக்கு வைத்துவிட்டு, அவளைப் பிறகு கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

இந்த நிலைமையில்தான் பேனருக்குக் குடும்பப் படம் வேண்டும் என்று உங்கள் உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டுடியோவில், கேமரா ரிமோட்டை நான் கையில் வைத்துக்கொள்ள, மூவரும் நின்றோம். எடுத்த படம் எல்லாவற்றிலும் வாலு நாக்கை நீட்டியிருந்தாள். அவள் அசந்த நேரம் பார்த்து ஒன்றை எப்படியோ பிடித்துவிட்டேன். அதை டச்சப் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் என் ஸ்டுடியோவில் முகங்களைச் சீர்செய்பவர், பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுப் படம் திருத்திய காலத்து மனிதர். யார் முகம் வந்தாலும் முதல் வேலையாக நாலு சுற்று வெளுத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார். கெட்ட எண்ணம் கிடையாது, கை அப்படிப் பழகிவிட்டது. வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

வாலு அவர் பின்னால் போய் நின்று திரையைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீதான் கண்ணு."

"நான் இல்லியே."

"நீதான்ம்மா. கொஞ்சம் அழகு பண்ணியிருக்கேன்."

"முன்னாடி எப்படி இருந்தேன்?"

அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். பேரப் பிள்ளைகளைப் பார்த்த மனிதர், திரும்பி என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். வாலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்பவும் நான்தான் அவங்க நிறத்துக்குப் போகணுமா? ஒரு தடவை அப்பா என் நிறத்துக்கு வரட்டும்" என்றாள். குற்ற உணர்ச்சியில் இருந்த அண்ணன் மறுபேச்சில்லாமல் என்னைக் கறுப்பாக்கினார். உள்ளதைச் சொன்னால் நன்றாகவே இருந்தேன் அக்கா. தாடை எல்லாம் எடுப்பாகத் தெரிந்தது. "இப்பத்தான் பாக்கற மாதிரி இருக்கீங்க" என்றாள் என் மனைவி. வாலு மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பவும் உங்க மூக்கு என் மூக்கு மாதிரி இல்ல" என்றாள். யார் மாதிரி என்று அவளும் கேட்கவில்லை, எங்களுக்கும் தெரியாது.

பிறகு படத்துக்குக் கீழே நீங்கள் எழுதி அனுப்பியிருந்த வாசகத்தைச் சத்தமாகப் படித்தாள். "ஒரு குழந்தைக்கு வாழ்வு தந்த பெரிய மனசுக் குடும்பம்." படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, மேடைல ஒரு பக்கம் குடுக்கறவங்க நிப்பாங்க. எல்லாரும் உங்க நிறம். இன்னொரு பக்கம் வாங்கறவங்க நிப்பாங்க. எல்லாரும் என் நிறம். நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"

நான் அவசரத்தில் "நடுவுல நில்லும்மா" என்றேன்.

"நடுவுல மேஜைதான் இருக்கும். குடுக்கற பொருளை அதுலதான் வெப்பாங்க."

சொல்லிவிட்டு எழுந்து போய், குடை விளக்கின் ஒயரைப் பிடித்து வேண்டுமென்றே இழுத்தாள். விளக்கு சாய்ந்து விழுந்து சுக்குநூறாக உடைந்தது. இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்த என் மனைவிக்கு அப்போதுதான் பொறுமை போனது. "உனக்கு என்னதான்டி வேணும்?" என்று கேட்டாள்.

வாலு அம்மா முகத்தைப் பார்த்து நின்றாள். "இப்ப என்னை உங்களுக்குப் பிடிக்குதா?"

"இந்த நிமிஷம் கொஞ்சம்கூடப் பிடிக்கல."

"அப்பாவுக்கு?"

நான் உடைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே "கஷ்டமாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள் அக்கா. முகமே தெளிந்துவிட்டது. "அப்பாடா. அப்ப என்னைக் குடுக்க மாட்டீங்கல்ல."

எங்களுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. மிகவும் பிடித்ததைத்தான் கொடுக்க வேண்டும். எல்லோரும் கொடுக்க வேண்டும், அப்பா அம்மாதான் முதலில். அப்பா அம்மாவுக்கு மிகவும் பிடித்தது அவள். ஒரு குழந்தை இதைக் கூட்டிப் பார்த்தால் வேறு என்ன விடை வரும்? விழா நடக்கும் இடமோ, அவள் வந்த அதே இல்லம். ஆகவே எங்களுக்குப் பிடிக்காதவளாக மாறிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று, ஓய்வே இல்லாமல் ராப்பகலாகப் பாடுபட்டிருக்கிறாள். நாங்கள்தான் அது தெரியாமல் பரவாயில்லை, பரவாயில்லை என்று தலையைத் தடவி அவள் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அக்கா, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன இரண்டுமே நல்ல வார்த்தைகள். அன்று பக்கத்தில் நின்று சிரித்தவன் நான்தான்.

என் மனைவி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பொருளைத்தான்டா குடுப்பாங்க. பிள்ளையை யாராவது குடுப்பாங்களா?" என்றாள்.

"என்னை ஒருத்தங்க குடுத்தாங்களே" என்றாள் வாலு.

கோபமாகவும் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. அம்மா மறந்துபோனதை எடுத்துக் கொடுப்பது போலச் சொன்னாள். டச்சப் அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். என் மனைவி உடனே ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். அவள் சமாளிக்கவில்லை.

"அவங்க குடுத்தாங்களா, குடுக்க வேண்டியதாப் போச்சா, எனக்குத் தெரியாதுடா. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் ரெண்டு பேரும் சேந்து விசாரிச்சுப் பாப்போம். ஆனா வாங்கினது நான், அது எனக்கு நல்லாத் தெரியும். நாங்க ரெண்டு பேரும் பிள்ளை வேணும்னு ஏங்கிப்போய்க் கிடந்தோம், வாங்கிட்டு வந்தோம். இதுல பெரிய மனசெல்லாம் ஒண்ணும் இல்ல. வாங்கினதைத் திருப்பிக் குடுக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. உங்கப்பாவையே இன்னும் வெச்சிருக்கேன், பாத்தியா?"

வாலு என்னைத் திரும்பிப் பார்த்தாள். தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தாள். அம்மா சொல்வதில் நியாயம் இருப்பதாகப் பட்டிருக்க வேண்டும். சிரித்துவிட்டாள். அதன் பிறகுதான் அழுதாள், நாங்களும் அழுதோம். இதற்கிடையில் அச்சகக்காரர் "பேனர் படம் எங்க, மிஷின் காத்துக்கிட்டு நிக்குது" என்று போன் மேல் போன் போட, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்த அண்ணன் எந்தப் படம் என்று பார்க்காமல் ஒன்றை அனுப்பிவிட்டார். அதுதான் உங்கள் ஊருக்கு வந்த பேனர். யார் இந்தக் குடும்பம் என்று கேட்டீர்களே, நாங்கள்தான் அக்கா. நிறம் மட்டும்தான் இடம் மாறிவிட்டது.

இனி நான் சொல்ல வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இந்த வருடம் நாங்கள் விழாவுக்கு வரவில்லை. இனி எந்த வருடமும் வாலுவை அந்த மேடையில் ஏற்ற மாட்டோம். வாழ்வு தந்த குடும்பம் என்று எங்கும் போட வேண்டாம், மைக்கில் சொல்லவும் வேண்டாம், அவள் காதுபட யாரும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று புகழவும் வேண்டாம். எங்களுக்கு ஒரு பிள்ளை கிடைத்தது, நாங்கள் யாருக்கும் பிச்சை போடவில்லை. கொடுக்க வேண்டியதை வண்டியில் அனுப்பிவிடுகிறோம். என் மனைவி தன் தையல் மிஷினைக் கொடுக்கிறாள். நான், எனக்கு உயிரான என் முதல் கேமராவைக் கொடுக்கிறேன், நீங்கள் சொன்னபடி உள்ளுக்குள் நன்றாகவே வலிக்கிறது. வாலுவை நாங்கள் எதுவும் கேட்கவில்லை. முடிந்தால் இரண்டு வரிசையும் நடுவில் மேஜையும் இல்லாமல், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி விழாவை மாற்றிப் பாருங்கள். அந்த இல்லத்து வாசலைப் பார்த்தாலே குழந்தைக்குப் பயம் வரும் என்பதால், இனி அங்கே அவளை அழைத்துவரும் பேச்சே வேண்டாம் என்பது எங்கள் முடிவு. இதில் மாற்றம் இல்லை.

அத்தானுக்கு எங்கள் வணக்கம். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். மாடிப்படியில் அடிக்கடி ஏறி இறங்காதீர்கள். அறக்குழுவில் உள்ள எல்லோருக்கும் என் அன்பான விசாரிப்புகள். என் மேல் கோபம் வந்தால் வரட்டும், ஆனால் நெடுநாள் வைத்திருக்காதீர்கள். நீங்கள் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருந்து எங்களை அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் அன்புத் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதிய முடிவு ரத்து. உறையில் தபால்தலை ஒட்டச் சொல்லி வாலுவிடம் கொடுத்தேன், அவள் ஒட்டுவதற்கு முன்னால் முழுவதையும் படித்துவிட்டாள். "என் விஷயத்தை என்னைக் கேக்காமயே முடிவு பண்ணியிருக்கீங்க" என்று கோபித்துக்கொண்டாள். அவள் அங்கே போயே ஆக வேண்டுமாம். உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: "பயம் வேற, பிடிக்கறது வேற. இங்க எங்க போனாலும் எல்லாரும் என்னைப் பாப்பாங்க, அப்புறம் உங்களைப் பாப்பாங்க, அப்புறம் திரும்ப என்னைப் பாப்பாங்க. அங்க என்னை யாருமே பாக்கறதில்ல. நான் பாட்டுக்கு விளையாடுவேன். உங்களைத்தான் பாப்பாங்க. ஒரு நாள்தானே அப்பா, கொஞ்சம் பொறுத்துக்கங்க." ஆகவே வருகிறோம். மேடை கிடையாது, பேனர் கிடையாது என்பதில் மட்டும் அவளும் உறுதியாக இருக்கிறாள். இப்போதே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய், வருவதற்கும் திரும்புவதற்கும் சேர்த்தே என்னை டிக்கெட் எடுக்க வைத்தாள். திரும்பி வரும் டிக்கெட்டில் மூன்று பேர் இருக்கிறார்களா என்று கவுண்டர்க்காரரையே படித்துக் காட்டச் சொன்னாள். அந்த டிக்கெட் இப்போது அவள் பையில் இருக்கிறது. திரும்ப வீடு வந்து சேரும்வரை என்னிடம் தர மாட்டாளாம்.